கோடு யார் வேணா போடலாம், அந்த நம்பர் யாரோடது?

நானும் எங்க அக்காவும் சேர்ந்து வீட்டுலயே சோப்பு பண்ணி விக்க ஆரம்பிச்சப்போ பார்கோடு பத்தி எங்களுக்கு ஒண்ணுமே தெரியாது. தெரிஞ்சவங்களுக்கு நேரா குடுத்துட்டு இருந்த வரைக்கும் அது தேவையும் படல. அப்புறம் ஒரு கடையில "சோப்பு நல்லா இருக்கு, வச்சுக்கறோம், ஆனா பார்கோடு இல்லாம பில்லிங்ல ஏத்த முடியாதே"ன்னு சொன்னாங்க. அன்னிக்கு ராத்திரியே நெட்ல தேடி, "உடனடி பார்கோடு, ஒரே தடவை பணம் கட்டினா போதும், வாழ்நாள் முழுக்க உங்களுக்கே சொந்தம்"னு போட்டிருந்த ஒரு தளத்துல 12 நம்பர் வாங்கிட்டோம். ஆறு வாசனை, ரெண்டு சைஸ், அதான் 12. பத்தே நிமிஷத்துல மெயில்ல எல்லாம் வந்துருச்சு, 12 படம், கூடவே சான்றிதழ் மாதிரி ஒரு பேப்பர். கடையில ஸ்கேன் ஆச்சு, பில்லும் ஆச்சு, இவ்வளவு சுலபமான்னு நினைச்சோம்.

எட்டு மாசம் கழிச்சு ஒரு பெரிய ஆன்லைன் தளத்துல விக்கலாம்னு பதிவு பண்ணா, இந்த எண் உங்க பிராண்டோட பொருந்தலைன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. ஏன்னு தேடிப் பார்த்தா, எங்க லாவெண்டர் சோப்பு மேல இருக்கிற நம்பர் எங்களுக்கு சம்பந்தமே இல்லாத, எங்கயோ இருக்கிற ஒரு கம்பெனி பேர்ல இருக்கு. 12 நம்பரும் அப்படித்தான். அச்சடிச்சு அடுக்கி வச்சிருந்த 4000 ரேப்பரையும் தூக்கிப் போட வேண்டியதாச்சு. அக்கா அன்னிக்கு எதுவுமே பேசல, அந்த ரேப்பர் கட்டுகள எல்லாம் ஒவ்வொண்ணா எடுத்து ஒரு பெட்டியில போட்டு மூடி வச்சா, அது இன்னும் எனக்கு மனசுல இருக்கு. அதனாலதான் இத உக்காந்து எழுதுறேன். புதுசா பொருள் பண்றவங்க யாரும் அந்த 4000 ரேப்பர இழக்கக் கூடாது.

முதல்ல மனசுல வச்சுக்க வேண்டியது ஒண்ணு இருக்கு, பார்கோடுங்கிறது ரெண்டு தனித்தனி விஷயம். ஒண்ணு நம்பர், இன்னொண்ணு அந்த நம்பர மெஷின் படிக்கிற மாதிரி எழுதின கோடு. கோடு வந்து ஒரு எழுத்து வடிவம் மாதிரிதான், எந்த நம்பர குடுத்தாலும் ஒரு சாஃப்ட்வேர் ஒரு நொடியில கோடா மாத்திக் குடுத்துரும், அதுக்கு யார்கிட்டயும் அனுமதி வேணாம், இலவசமாவே கிடைக்குது. நாம காசு குடுக்கிறது நம்பருக்கு. உலகத்துல வேற எந்தப் பொருளுக்கும் இந்த நம்பர் இல்ல, இது இன்னாருக்குத்தான் குடுத்திருக்குன்னு ஒரு பதிவேட்டுல எழுதி வச்சிருக்காங்களே, அந்தப் பதிவுக்குத்தான் காசு. நாங்க வாங்கின தளம் குடுத்த கோடு சரியான கோடுதான், ஸ்கேன் ஆச்சு இல்லையா. பதிவுதான் எங்களோடது இல்ல.

இன்னொரு விஷயம், நிறைய பேர் பார்கோடுக்குள்ள விலை இருக்குன்னு நினைக்கிறாங்க, நானும் அப்படித்தான் நினைச்சேன். சாதாரணமா கடையில பாக்கிற பொருள் மேல இருக்கிற கோட்டுல விலை கிடையாது, பேர் கிடையாது, எடை கிடையாது, 13 இலக்கம் மட்டும்தான். ஸ்கேனர் அந்த 13 இலக்கத்த கம்ப்யூட்டருக்கு அனுப்பும், கம்ப்யூட்டர் அந்தக் கடையோட பட்டியல்ல தேடி பேரும் விலையும் எடுத்துட்டு வரும். அதனாலதான் ஒரே பொருள் ரெண்டு கடையில ரெண்டு விலைக்கு இருக்க முடியுது, கோடு மாறல, பட்டியல்தான் மாறுது. விலைய மாத்தணும்னா ரேப்பர மாத்த வேண்டியது இல்ல, பட்டியல்ல ஒரு இடத்துல மாத்தினா போதும். ஒரு விதிவிலக்கு உண்டு, கடைக்குள்ளயே எடை போட்டு ஸ்டிக்கர் ஒட்டித் தர்றாங்களே, அது 2-ல ஆரம்பிக்கிற நம்பர், அதுல நடுவுல எடையோ விலையோ ஒளிஞ்சிருக்கும். அது அந்தக் கடைக்குள்ள மட்டும் செல்லும், வெளியில அதுக்கு அர்த்தமே இல்ல.

பார்கோடு எப்படி வந்துச்சுன்னு படிச்சப்போ எனக்கு ரொம்பப் பிடிச்சது அந்தக் கடற்கரைக் கதை. 1948-ல அமெரிக்காவுல பிலடெல்பியாவுல டிரெக்சல்ங்கிற கல்லூரியில ஒரு கடைத்தொடரோட தலைவர் வந்து, கல்லாவுல பொருள் விவரத்த தானா படிக்கிற மாதிரி ஏதாவது கண்டுபிடிச்சுத் தாங்கன்னு டீன்கிட்ட கேட்டிருக்காரு, டீன் முடியாதுன்னுட்டாரு. அத ஓரமா நின்னு கேட்ட பெர்னார்ட் சில்வர்ங்கிற மாணவர் தன் நண்பர் நார்மன் ஜோசப் உட்லேண்டுகிட்ட சொல்லி இருக்காரு. உட்லேண்டுக்கு அது மண்டையில குடைஞ்சுக்கிட்டே இருந்திருக்கு, அந்தக் குளிர்காலத்துல மயாமி கடற்கரையில உக்காந்து யோசிச்சுட்டு இருந்தப்போ, சின்ன வயசுல சாரணர் இயக்கத்துல படிச்ச மோர்ஸ் குறியீடு ஞாபகம் வந்திருக்கு, புள்ளியும் கோடும். மணல்ல விரல ஊன்றி தன்ன நோக்கி இழுத்திருக்காரு, அந்தப் புள்ளிகள் எல்லாம் நீளமான கோடா மாறிடுச்சு, சிலது ஒல்லி சிலது தடி. அவ்வளவுதான், பார்கோடு அங்க பொறந்துருச்சு. 1949 அக்டோபர்ல விண்ணப்பிச்சு 1952 அக்டோபர்ல காப்புரிமை கிடைச்சது.

ஆனா கடைக்கு வர இன்னும் 22 வருஷம் ஆச்சு. ஏன்னா படிக்கிறதுக்கு சரியான வெளிச்சம் இல்ல, அவங்க முதல்ல செஞ்சு பார்த்த மெஷின்ல 500 வாட் பல்பு வச்சிருந்தாங்க, அந்தச் சூட்டுல பேப்பரே கருகி புகைய ஆரம்பிச்சிருச்சாம். லேசர் வந்தது 1960-ல, கடையில வைக்கிற அளவுக்கு சின்ன கம்ப்யூட்டர் வந்தது அதுக்கும் பின்னாடி. சில்வர் 1963-லயே இறந்துட்டாரு, தன் யோசனை கல்லாவுல வேலை செய்யுறத அவர் பார்க்கவே இல்ல, அத நினைச்சா எனக்கு வருத்தமா இருக்கு.

அந்தக் காப்புரிமையில வட்ட வடிவமும் இருந்துச்சு, வில்வித்தை பலகை மாதிரி வட்டத்துக்குள்ள வட்டமா. எந்தப் பக்கம் திருப்பினாலும் படிக்கலாம்னு அப்படி. 1970-கள்ல அத நிஜக் கடையில சோதிச்சும் பார்த்தாங்க. பிரச்சினை அச்சடிக்கும்போது வந்துச்சு, பேப்பர் ஓடுற திசையில மை கொஞ்சம் இழுபடும், வட்டத்துல இழுபட்டா படிக்க முடியாது. ஐ.பி.எம்.ல இருந்த ஜார்ஜ் லாரர் நேர்கோட்டுக்கு வந்தது இதனாலதான், கோட்டோட நீளவாக்குலயே மை இழுபட்டா கோடு கொஞ்சம் நீளமாகும், அகலம் மாறாது, தகவல் அகலத்துலதானே இருக்கு. 1973 ஏப்ரல்ல அவரோட வடிவத்தத்தான் தேர்ந்தெடுத்தாங்க. 1974 ஜூன் 26-ஆம் தேதி காலையில ஒஹாயோ மாநிலத்துல டிராய்ங்கிற ஊர்ல ஒரு மார்ஷ் சூப்பர் மார்க்கெட்ல ரிக்லி சூயிங் கம் பாக்கெட் ஒண்ணுதான் இந்த நேர்கோட்டு வடிவத்த வச்சு உலகத்துலயே முதல்ல பில் போட்ட பொருள்.

சரி, இப்போ கோட்டுக்குள்ள போவோம். இத நான் ஒரு ஞாயித்துக்கிழமை முழுக்க உக்காந்து எங்க சோப்பு ரேப்பர பெரிசாக்கி எண்ணிப் பார்த்துதான் புரிஞ்சுக்கிட்டேன். 13 இலக்க பார்கோடுக்கு ஈ.ஏ.என்-13-னு பேரு. மொத்த அகலத்தையும் 95 சம துண்டா பிரிச்சிருக்காங்க, ஒவ்வொரு துண்டும் கறுப்பா இருக்கும் இல்ல வெள்ளையா இருக்கும். ஆரம்பத்துல ஒரு காவல் கோடு, 3 துண்டு, நடுவுல 5 துண்டு, கடைசியில 3 துண்டு. கொஞ்சம் கீழ நீட்டிக்கிட்டு இருக்குமே ரெட்டை ரெட்டையா, அதான். மீதி 84 துண்டுல, ஒரு இலக்கத்துக்கு 7 துண்டு வீதம், இடது பக்கம் 6 இலக்கம் வலது பக்கம் 6 இலக்கம். ஒவ்வொரு இலக்கமும் ரெண்டு கறுப்பு ரெண்டு வெள்ளை, மொத்தம் 7 துண்டு அகலம், அந்த நாலும் எந்த விகிதத்துல இருக்குங்கிறதுதான் எந்த இலக்கம்னு சொல்லுது.

இங்க கணக்கு உதைக்குதே, 12 தானே வருது, 13-ஆவது எங்கன்னு நானும் முழிச்சேன். முதல் இலக்கத்துக்கு தனியா கோடே கிடையாது! அமெரிக்காக்காரங்க முதல்ல போட்டது 12 இலக்கம், யு.பி.சி.ன்னு சொல்றது. ஐரோப்பாவுல 1977-ல சேர்ந்தப்போ இன்னொரு இலக்கம் வேணும், ஆனா அகலமும் கூடக்கூடாது. அதனால இடது பக்க இலக்கங்கள எழுத ரெண்டு விதமான எழுத்து வச்சாங்க, ஒரு 4-ஐ இப்படியும் எழுதலாம் அப்படியும் எழுதலாம். இடது பக்க ஆறுல எது எந்த விதத்துல எழுதியிருக்குங்கிற வரிசைய வச்சே அந்த முதல் இலக்கத்த மெஷின் கண்டுபிடிச்சுக்கும். ஆறும் ஒரே முதல் விதத்துல இருந்தா முதல் இலக்கம் 0, அதாவது பழைய அமெரிக்க 12 இலக்கக் கோடு. பழசும் கெடாம புதுசும் உள்ள வந்துருச்சு. இத யோசிச்ச மனுஷங்கள நினைச்சா கையெடுத்துக் கும்பிடலாம் போல இருக்கு.

தலைகீழா காட்டினாலும் ஸ்கேன் ஆகுறதுக்கும் இதே எழுத்துமுறைதான் காரணம். இடது ஓரத்துல வர்ற இலக்கத்துல கறுப்புத் துண்டு எப்பவும் ஒத்தைப்படை, வலது பக்கத்துல எப்பவும் ரெட்டைப்படை. முதல்ல பார்த்த இலக்கம் ரெட்டைப்படையா இருந்தா, நாம தலைகீழா படிச்சுட்டு இருக்கோம்னு மெஷினுக்கு தெரிஞ்சுரும், திருப்பிக்கும். அப்புறம், ஸ்கேனர் கோட்டோட அகலத்த மில்லிமீட்டர்ல அளக்கிறது இல்ல, விகிதத்தத்தான் பாக்குது, அதனால கிட்ட வச்சாலும் தள்ளி வச்சாலும் சின்னதா அடிச்சாலும் பெருசா அடிச்சாலும் படிக்குது. மை கொஞ்சம் பரவி எல்லாக் கோடும் ஒரே அளவு தடிச்சுட்டா கூட, ஒரு கோட்டோட இடது விளிம்புல இருந்து அடுத்த கோட்டோட இடது விளிம்பு வரைக்கும் இருக்கிற தூரம் மாறாது இல்லையா, அந்த தூரத்த வச்சு பெரும்பாலான இலக்கங்கள கண்டுபிடிச்சுரும். கோடு ஏன் அவ்வளவு உயரம்னா, உயரம் முழுக்க ஒரே தகவல்தான் திரும்பத் திரும்ப இருக்கு, ஒரு இடத்துல கிழிஞ்சாலும் இன்னொரு இடத்துல படிக்கலாம், சாய்வா ஓடுற லேசரும் முழுக் கோட்டையும் தாண்டிப் போகும்.

கடைசி இலக்கம் சரிபார்க்கிற இலக்கம், செக் டிஜிட். அது நாம தேர்ந்தெடுக்கிறது இல்ல, முன்னாடி இருக்கிற 12-ல இருந்து கணக்குப் போட்டு வர்றது. ஒரு உதாரணம் போடுறேன், 2-ல ஆரம்பிக்கிற நம்பராவே எடுத்துக்கறேன், அது யாருக்கும் சொந்தம் இல்ல. 201234567890. ஒத்தைப்படை இடத்துல இருக்கிறத கூட்டுங்க, 2, 1, 3, 5, 7, 9, மொத்தம் 27. ரெட்டைப்படை இடத்துல இருக்கிறது 0, 2, 4, 6, 8, 0, மொத்தம் 20, அத 3-ஆல பெருக்கினா 60. ரெண்டும் சேர்ந்து 87. அடுத்த பத்துக்கு, அதாவது 90-க்குப் போக இன்னும் 3 வேணும், அந்த 3-தான் 13-ஆவது இலக்கம். ஏதாவது ஒரு இலக்கத்த தப்பா படிச்சாலோ தப்பா டைப் பண்ணாலோ இந்தக் கணக்கு கட்டாயம் உதைக்கும், ஸ்கேனர் பீப் அடிக்காது. பக்கத்து பக்கத்து இலக்கம் இடம் மாறினாலும் பெரும்பாலும் மாட்டிக்கும், வித்தியாசம் சரியா 5 இருந்தா மட்டும் தப்பிச்சுரும், 27-ஐ 72-னு அடிச்சா கணக்கு ஒத்துப் போயிரும், போட்டுப் பாருங்க.

முதல் மூணு இலக்கம் பத்தி ஒண்ணு சொல்லியே ஆகணும், ஏன்னா வாட்ஸ்அப்ல வருஷா வருஷம் சுத்துது. 890-னா இந்தியாவுல செஞ்சது, 690-னா சீனாவுல செஞ்சதுன்னு. அது தப்பு. 890 இந்தியா, 479 இலங்கை, 955 மலேசியா, 888 சிங்கப்பூர், 690-ல இருந்து 699 வரைக்கும் சீனா, இந்த ஒதுக்கீடு எல்லாம் உண்மைதான், ஆனா அது சொல்றது ஜி.எஸ்.1-ங்கிற, இந்த நம்பர்களக் குடுக்கிற அமைப்போட எந்த நாட்டுக் கிளைகிட்ட அந்தக் கம்பெனி நம்பர் வாங்குச்சுன்னு மட்டும்தான். பொருள் எங்க செஞ்சாங்கன்னு தெரியணும்னா லேபிள்ல எழுத்துல போட்டிருப்பாங்க, அதத்தான் படிக்கணும். புத்தகத்துல 978-னு ஆரம்பிக்குமே, அது எந்த நாடும் இல்ல, புத்தகங்களுக்குன்னே ஒதுக்கினது, 2007-ல இருந்து புத்தகங்களுக்குத் தர்ற ஐ.எஸ்.பி.என். நம்பரே 13 இலக்கமா மாறினதால ரெண்டும் ஒண்ணாயிருச்சு. அதனால நீங்க புத்தகம் போடுறவங்களா இருந்தா இங்க சொல்ற வழி உங்களுக்கு வேணாம், ஐ.எஸ்.பி.என். வாங்கினாலே பார்கோடு நம்பர் கிடைச்ச மாதிரிதான்.

இப்போ எங்க வாங்குறது. ஜி.எஸ்.1-ங்கிறதுதான் உலகம் முழுக்க இந்த நம்பர்களப் பார்த்துக்கிற அமைப்பு, தலைமையகம் பிரஸ்ஸல்ஸ்ல இருக்கு, 100-க்கும் மேல நாடுகள்ல கிளை அமைப்பு இருக்கு. ஐரோப்பிய அமைப்பும் அமெரிக்க அமைப்பும் சேர்ந்து 2005-ல இருந்து இந்தப் பேரு. உங்க நாட்டு ஜி.எஸ்.1 தளத்துக்குப் போய், தொழில் பதிவு செஞ்ச காகிதங்கள குடுத்து விண்ணப்பிக்கணும், கட்டணம் நாட்டுக்கு நாடு வேற, அதிகமா வருஷா வருஷம் கட்டுற மாதிரிதான் இருக்கும். எத்தன நம்பர் வேணும்னு கேப்பாங்க, 10, 100, 1000 இப்படி. சில நாடுகள்ல ஒத்த நம்பரும் தர்றாங்க. அவங்க உங்களுக்குன்னு ஒரு முன்னொட்டு தருவாங்க, அதத்தான் கம்பெனி பிரிஃபிக்ஸ்னு சொல்றது. நாங்க 100 எடுத்தோம், அதனால எங்க முன்னொட்டு 10 இலக்கம், அதுக்குப் பின்னாடி ரெண்டு இலக்கம் எங்க கையில, 00-ல இருந்து 99 வரைக்கும், கடைசி இலக்கம் மேல சொன்ன கணக்குல வர்றது. 1000 எடுத்தா முன்னொட்டு 9 இலக்கமா சுருங்கும், உங்க கையில மூணு இலக்கம் இருக்கும்.

எத்தன வேணும்னு எண்ணும்போது தாராளமா எண்ணுங்க. ஒவ்வொரு வாசனைக்கும் ஒரு நம்பர், ஒவ்வொரு சைஸுக்கும் ஒரு நம்பர், மூணு சோப்ப சேர்த்து ஒரு பெட்டியா வித்தா அந்தப் பெட்டிக்கு தனி நம்பர். ஆறு வாசனை ரெண்டு சைஸ்னு 12-ல ஆரம்பிச்ச எங்களுக்கு இப்பவே 31 போயிருச்சு. அக்கா வாசனைவாரியா பத்து பத்தா பிரிச்சு வச்சுக்கலாம், 10-ல இருந்து 19 லாவெண்டர்னு யோசனை சொன்னா, நல்லாத்தான் இருக்கும்னு தோணும், ஆனா வேணாம். நம்பருக்குள்ள அர்த்தம் வச்சா ஒரு வாசனையில 11-ஆவது வந்ததும் அது உடைஞ்சுரும், அப்புறம் யாரோ அந்த அர்த்தத்த நம்பி தப்பு பண்ணுவாங்க. 00, 01, 02-னு வரிசையா குடுத்துட்டு எது எதுக்குங்கிறத ஒரு எக்செல்ல வச்சுக்கோங்க, அந்த எக்செல்ல ரெண்டு இடத்துல சேமிச்சு வைங்க.

நாங்க ஏமாந்த தளம் மாதிரி விக்கிறவங்ககிட்ட எப்படி நம்பர் வருதுன்னு அப்புறமா படிச்சேன். 2002 ஆகஸ்டுக்கு முன்னாடி அமெரிக்காவுல சேர்ந்த கம்பெனிகளுக்கு வருஷக் கட்டணம் இல்லாம முன்னொட்டு குடுத்திருந்தாங்க, அப்புறம் விதி மாறிருச்சு. அந்தப் பழைய முன்னொட்டுகள சிலர் வாங்கி துண்டு போட்டு விக்கிறாங்க. கள்ள நம்பர்னு சொல்ல முடியாது, ஆனா பதிவேட்டுல அந்தப் பழைய கம்பெனி பேர்தான் இருக்கும், உங்க பேர் வராது. சின்னக் கடையில யாரும் பதிவேட்டப் பார்க்க மாட்டாங்க, அதனால ஓடும். பெரிய கடைத்தொடரும் பெரிய ஆன்லைன் தளமும் இப்போ பதிவேட்டோட ஒப்பிட்டுப் பாக்குறாங்க, அங்க நிக்கும். ஜி.எஸ்.1 தளத்துல வெரிஃபைடு பை ஜி.எஸ்.1-னு ஒரு தேடல் இருக்கு, இலவசம், எந்த நம்பர போட்டாலும் யார் பேர்ல இருக்குன்னு காட்டும். காசு குடுக்கிறதுக்கு முன்னாடி விக்கிறவங்ககிட்ட ஒரே ஒரு மாதிரி நம்பர் கேட்டு அங்க போட்டுப் பாருங்க. நாங்க அந்த ரெண்டு நிமிஷம் செலவழிக்கல.

எல்லாருக்கும் இது வேணுமான்னா, வேணாம். உங்க சொந்தக் கடைக்குள்ள மட்டும் விக்கிறீங்கன்னா 2-ல ஆரம்பிக்கிற நம்பர நீங்களே போட்டுக்கலாம், யாருக்கும் காசு குடுக்க வேணாம். கையால ஒண்ணே ஒண்ணு செஞ்சு நேரா குடுக்கிறவங்களுக்கும் தேவையே இல்ல.

நம்பர் சரியா வந்ததுக்கு அப்புறமும் நாங்க ஒரு தடவ இடறினோம், அது அச்சுல. ரோஸ் சோப்புக்கு ரேப்பர் எல்லாம் சிவப்பா இருந்துச்சு, கோட்டையும் அதே சிவப்புல வெள்ளை மேல போட்டா அழகா இருக்குமேன்னு போட்டோம். என் போன்ல ஸ்கேன் பண்ணிப் பார்த்தேன், படிச்சுது, சந்தோஷமா மாதிரி ரேப்பர எடுத்துக்கிட்டு கடைக்குப் போனா கவுண்டர் மெஷின் ஒரு தடவை கூட படிக்கல. பில்லிங்ல இருந்த பொண்ணு "அக்கா, இது வெறும் வெள்ளைப் பேப்பர காட்டுற மாதிரிதான் இதுக்கு, நீங்க கறுப்புல போட்டுட்டு வாங்க"ன்னு பொறுமையா சொன்னா. அவ சொன்னது அப்படியே நிஜம். கவுண்டர் ஸ்கேனர்ல நிறைய சிவப்பு வெளிச்சத்துலதான் பாக்குது, சிவப்பு வெளிச்சத்துல சிவப்பு மை வெள்ளையாத்தான் தெரியும். போன் கேமரா எல்லா நிறத்தையும் பாக்கும், அதனால போன்ல படிக்குதுன்னா ஒண்ணும் உறுதி இல்ல. கறுப்பு, கரு நீலம், கரும்பச்சை கோட்டுக்கு நல்லது, பின்னணி வெள்ளையோ மஞ்சளோ ஏன் சிவப்பே கூட இருக்கலாம். பளபளக்கிற வெள்ளி மேலயும் உள்ள தெரியிற கண்ணாடித் தாள் மேலயும் நேரா அடிக்காதீங்க, அடியில ஒரு வெள்ளைக் கட்டம் போட்டு அதுக்கு மேல அடிங்க.

டிசைன் பண்றவங்க எல்லாரும் பண்ற இன்னொரு தப்பு ஓரத்து வெள்ளை இடத்த வெட்டுறது. கோடு தொடங்குறதுக்கு முன்னாடி 11 துண்டு அகலமும் முடிஞ்சதுக்கு அப்புறம் 7 துண்டு அகலமும் காலியா இருக்கணும், அங்க எழுத்தோ பார்டரோ வந்தா எங்க ஆரம்பிக்குதுன்னு மெஷினுக்குத் தெரியாது. சில பார்கோடுல வலது ஓரத்துல ஒரு சின்ன அம்புக்குறி இருக்கும் பாருங்க, அந்த காலி இடத்த யாரும் தொடாம இருக்கத்தான் அது. அளவு, வழக்கமானது 37.29 மி.மீ. அகலம், 25.93 மி.மீ. உயரம், காலி இடத்தோட சேர்த்து. 80 சதவீதம் வரைக்கும் சுருக்கலாம், கிட்டத்தட்ட 30-க்கு 21 மி.மீ., 200 சதவீதம் வரைக்கும் பெருசாக்கலாம். இடம் பத்தலைன்னு உயரத்த மட்டும் பாதியா நறுக்காதீங்க, கவுண்டர்ல திருப்பித் திருப்பிக் காட்ட வேண்டி வரும். ரொம்ப ஒல்லியான பாட்டில்னா கோடுகள் ஏணிப்படி மாதிரி ஒண்ணு மேல ஒண்ணா வர்ற மாதிரி திருப்பிப் போடணும், வேலி மாதிரி நிக்க வச்சா ஓரத்துக் கோடெல்லாம் வளைஞ்சு பின்னாடி போயிரும். படத்த வெக்டர் ஃபைலா வாங்குங்க, வாட்ஸ்அப்ல வந்த ஜேபெக்க இழுத்துப் பெருசாக்கி அடிச்சா விளிம்பு மங்கிரும். மொத்தமா அடிக்கிறதுக்கு முன்னாடி நிஜ ரேப்பர்ல நிஜ மெஷின்ல பத்து அடிச்சு, நிஜ சோப்ப அதுல சுத்தி, நிஜ கவுண்டர்ல காட்டிப் பாருங்க.

நம்பர் எப்ப மாறணும்ங்கிறதுக்கும் விதி இருக்கு. எடையில ஒரு கிராம் மாத்தி லேபிள்ல போட்டாலும் புது நம்பர், பிராண்டு பேரு மாறினா புது நம்பர், புது வாசனைக்கு புது நம்பர். விலை மாறினா பழசுதான், ரேப்பர்ல வெறும் படமும் நிறமும் மாறினா பழசுதான். ஒரு சோப்ப நிறுத்திட்டா அந்த நம்பர எடுத்து வேற சோப்புக்கு குடுக்கக் கூடாது, 2019-ல இருந்து அது முழுசா தடை, ஏன்னா எங்கயோ ஒரு கடையோட பட்டியல்ல பழைய பேரு இன்னும் உக்காந்திருக்கும். எங்க எக்செல்ல நிறுத்தின நம்பருக்கு நேரா சிவப்புல கோடு போட்டு அப்படியே விட்டு வச்சிருக்கோம். 24 சோப்பு போடுற அட்டைப்பெட்டிக்கு 14 இலக்கம், பொருளோட நம்பர்ல செக் டிஜிட்ட விட்டுட்டு மீதி 12 இலக்கத்துக்கு முன்னாடி 1-ல இருந்து 8 வரைக்கும் ஏதாவது ஒண்ணு சேர்த்து, செக் டிஜிட்ட புதுசா கணக்குப் போடணும், பழச அப்படியே ஒட்டக்கூடாது. அதுக்கான கோடு வேற மாதிரி, சுத்தி தடியா ஒரு சட்டம் இருக்கும், சொரசொரப்பான அட்டையிலயும் அடிக்க முடியும்.

கடைசியா, க்யூஆர் வந்துருச்சே இது எதுக்குன்னு எங்ககிட்டயே ரெண்டு பேர் கேட்டாங்க. க்யூஆர் 1994-ல ஜப்பான்ல டென்சோங்கிற கம்பெனியில கார் உதிரிபாகத்துக்காக செஞ்சது, நிறைய தகவல் தாங்கும். 2027 முடியிறதுக்குள்ள கடை கவுண்டர் எல்லாம் இந்தச் சதுரக் கோட்டையும் படிக்கிற மாதிரி ஆகணும்னு ஜி.எஸ்.1 ஒரு இலக்கு வச்சிருக்கு. அது வந்தா தயாரிச்ச தொகுதியும் காலாவதி தேதியும் கூட கோட்டுக்குள்ளயே இருக்கும், தேதி முடிஞ்சத கவுண்டரே பில் போடாம நிறுத்திரும். எனக்கு அதுல ரொம்ப ஆசை. ஆனா அந்தச் சதுரத்துக்குள்ளயும் முதல்ல போறது இதே நம்பர்தான், அது யார் பேர்ல இருக்குங்கிறது அங்கயும் வேணும். எங்க அடுத்த ரேப்பர்ல ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல போடுறோம், மாதிரி போன வாரம்தான் அடிச்சு வந்துச்சு, நாளைக்கு அக்கா அத எடுத்துக்கிட்டு அதே கவுண்டர் பொண்ணுகிட்ட காட்டிட்டு வரேன்னு சொல்லியிருக்கா.